18-ஆம் தேதியா, 19-ஆம் தேதியா? கடல் முன்னறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு உவரிக் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் ஐதராபாத்திலும் இருந்து எங்கள் கடலுக்கு முன்னறிவிப்பு எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் எழுதுவதை நாள் தவறாமல் வாய்விட்டு வாசிக்கிறவள் நான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சாயங்கால ஜெபம் முடிந்ததும் கோயில் மைக்கில் கடல் அறிக்கையை வாசிக்கிற பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. வாசித்துவிட்டு நான் படியிறங்குவதற்குள், கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருக்கிறவர்கள் பேசி முடித்திருப்பார்கள். ராத்திரி வள்ளம் இறக்குவதா வேண்டாமா, மண்ணெண்ணெய் ஊற்றுவதா வேண்டாமா, கூட்டாளிகளுக்கு ஆள் அனுப்புவதா வேண்டாமா என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நீங்கள் எழுதிய நாலு வரியும் நான் வாசித்த விதமும்தான் அவர்களுக்குக் கையிருப்பு.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு நாள். அன்று எனக்கு வந்த தாளில் 18-ஆம் தேதிக்கு நேராக, 'தென் தமிழகக் கடலோரப் பகுதிகள், மன்னார் வளைகுடா மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்' என்று இருந்தது. 19-ஆம் தேதிக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை. வாசித்தேன். கோயில் படியில் நின்ற ஒருவர், என்னிடம் படித்த பையனின் தகப்பனார், கேட்டார்: "டீச்சர், நாங்க ராத்திரி ரெண்டு மணிக்குல்லா இறங்குதோம். அது பதினெட்டா, பத்தொம்பதா?"

பன்னிரண்டு மணிக்கு மேல் தேதி மாறிவிடும்தானே, பத்தொன்பது என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. ஐந்து வள்ளம் இறங்கியது. காற்று ஓயவில்லை. வாடை அப்படியே நின்று அடித்திருக்கிறது. விடியும்போது வலையை அறுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பினார்கள். கடைசி வள்ளம் கரையலையில் திரும்பிக் கவிழ்ந்தது. அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில் இருந்த பையனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் பையனை ஆட்டோவில் ஏற்றும்போது அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் நாள் நடுச்சாமத்தில் மாறுவதில்லை. காலை 8.30-க்கு மாறுகிறது. 18-ஆம் தேதி என்று நீங்கள் எழுதினால் 18 காலை 8.30-லிருந்து 19 காலை 8.30 வரை என்று பொருள். மழை அளப்பதும் அதே கணக்கில்தான். உலக நேரத்தோடு பொருத்தி வைத்த அந்த ஒழுங்கில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எங்கள் தொழில் முழுவதும் நடுச்சாமத்துக்கும் காலை எட்டரைக்கும் நடுவில்தான் நடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கி, ஒன்பது பத்து மணிக்கு ஏலத்துக்குக் கரை சேருகிறவனுக்கு உங்கள் தேதி எப்போதும் ஒரு நாள் பிந்தியே நிற்கிறது. 'இது 19-ஆம் தேதி காலை 8.30 மணி வரை' என்று ஒரு வரி தாளில் இருந்திருந்தால் அந்த வள்ளங்கள் இறங்கியிருக்காது. இப்போது நானாகவே அந்த வரியைச் சேர்த்து வாசிக்கிறேன். மற்ற ஊர்களில் யார் சேர்க்கிறார்கள்?

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரை நீளமானதல்ல. மேற்கே கூட்டப்புளியில் தொடங்கி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூட்டப்பனை, கிழக்கே கூடுதாழை என்று ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதற்கு அங்கிட்டுப் பெரியதாழை, அது தூத்துக்குடி மாவட்டம். ஆனால் இந்த 50 கிலோமீட்டரும் ஒரே கடலாக இருப்பதில்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற கச்சான், அதாவது மேல்காற்று, கூட்டப்புளி, பெருமணல் பக்கம் மணலை வாரி முகத்தில் அடிக்கும். அதே நேரத்தில் கூடுதாழையில் வள்ளம் சும்மா போய் வரும். காற்றாலைக்காரர்கள் முப்பந்தலில் அந்தக் காற்றை நம்பித்தான் காசைப் போட்டார்கள். கணவாய்க்கு நேரே இருக்கிற ஊரும் ஒதுங்கி இருக்கிற ஊரும் ஒன்றில்லை என்று எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தாளிலோ 'குமரிக்கடல்' என்று ஒரு சொல், 'மன்னார் வளைகுடா' என்று ஒரு சொல். இரண்டும் சந்திக்கிற முனையில் எங்கள் ஊர்கள். குமரிக்கடல் என்று நான் வாசித்ததும் கரையிலிருந்து கேள்வி வரும்: "அது நம்ம கடலயா சொல்லுதாவ, இல்ல குளச்சக்காரவுக கடலயா?" எனக்குப் பதில் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னதன் பலனை ஒரு தடவை பார்த்தாயிற்று. ஊர்ப் பேரைச் சொல்லி எழுதுங்கள். கடலோர அலை எச்சரிக்கையில் ஊர்ப் பேர் சொல்லி இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர் வரை என்று எழுதும் வழக்கம் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. காற்றுக்கும் அப்படியே எழுதலாமே. எங்கள் கரையில் புயல் கூண்டு ஏற்றுவதற்குத் துறைமுகமும் கிடையாது. தூத்துக்குடியில் 1-ஆம் எண் ஏற்றினார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்து, அது நமக்குமா என்று கேட்கிற நிலையில்தான் இருக்கிறோம்.

அலைக்கு வருகிறேன். இதை நான் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

'அலை உயரம் 2.3 முதல் 2.5 மீட்டர் வரை' என்று எழுதி வருகிறது. கரையில் நிற்கிறவன் அதைக் கேட்டு, எழும்புகிற அலையிலேயே பெரியது இரண்டரை மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறான். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பொறியியல் படித்த என் பழைய மாணவி ஒருத்தி விடுமுறைக்கு வந்தபோது மணலில் கோடு போட்டு விளக்கினாள். வருகிற அலைகளை உயரவாரியாக அடுக்கி, உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அதன் சராசரியைத்தான் அந்த எண் சொல்கிறதாம். அப்படியானால் அதைவிடப் பெரிய அலை அந்தக் கடலிலேயே இருக்கிறது. எப்போதாவது ஒன்று ஏறக்குறைய இரண்டு மடங்குகூட எழும்பலாம். இரண்டரை என்று கேட்டு இறங்கினவன் முன்னால் நாலரை மீட்டரில் ஒன்று வந்து நின்றால், உங்கள் கணக்கில் அது பிழையே இல்லை. அவனுக்கு மட்டும் அந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

அலை உயரத்தைவிட எங்களுக்கு முக்கியமானது, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் எத்தனை விநாடி என்பது. எங்களுக்குத் துறைமுகம் இல்லை, மணலிலிருந்து வள்ளத்தைத் தள்ளி அலையைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். இரண்டு மீட்டர் அலை 6 விநாடிக்கு ஒன்றாக வந்தால் அது பக்கத்துக் காற்று கிளப்பின அலை. நம்ம பையன்கள் எண்ணி, இடைவெளி பார்த்து, தாண்டிவிடுவார்கள். அதே இரண்டு மீட்டர் 18 விநாடிக்கு ஒன்றாக வந்தால் அது தூரத்திலிருந்து வருகிற கடல். உயரம் ஒன்றுதான், ஆனால் அது சுமந்து வருகிற விசை மூன்று மடங்கு. கரைக்கு வர வர அது நிமிர்ந்துகொள்ளும். வள்ளத்தைத் தூக்கிப் போட்டுவிடும். அந்த விநாடிக் கணக்கு உங்களிடம் ஒவ்வொரு நாளும் இருக்கிறது. மைக்கில் வாசிக்க எனக்கு வந்து சேருவதில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

இந்தத் தூரத்துக் கடலுக்குத்தான் கள்ளக்கடல் என்று பேர். கேரளத்து மீனவர்கள் வைத்த பேர். 2012-இல் யுனெஸ்கோ அந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், குளிர்க்கடலில், நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புயல் அடிக்கிறது. அது கிளப்பின அலை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், இரவும் பகலுமாக, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, நாலைந்து நாளில் எங்கள் கரையைத் தொடுகிறது. இங்கே காற்று இருக்காது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். சித்திரை, வைகாசியில், பிள்ளைகளுக்கு விடுமுறையும் உவரிக்கு வெளியூர்க் கூட்டமும் இருக்கிற நாளில்தான் பெரும்பாலும் வரும். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்களே, அன்று எச்சரிக்கை இருந்தது. 2020-இலேயே இதற்கென்று தனி முன்னறிவிப்பு முறை ஐதராபாத்தில், இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையத்தில் தொடங்கிவிட்டார்கள். நாலு நாளுக்கு முன்னால் தெரிந்துகொள்ளக்கூடிய ஆபத்து கடலில் வேறு எத்தனை இருக்கிறது? இதற்காக உங்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அன்று அந்த எச்சரிக்கை அந்தப் பிள்ளைகள் நின்ற மணல்வரைக்கும் போகவில்லை. எனக்கு ஒருமுறை வந்த தமிழ்த் தாளில் கள்ளக்கடலுக்குப் பதிலாக 'அலை வீக்கம்' என்று யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். அதைக் கேட்டு யார் கரையேறுவார்? 'காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், ஆனாலும் கடல் ஏறும், அலையோரம் நிற்காதீர்கள்' என்று எழுதுங்கள். அப்படிச் சொன்னால் பாட்டிமார்கூடப் பேரப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இனி, என் தம்பி மகனைப் பற்றி.

அவன் எங்கள் ஊர் வள்ளத்தில் போகிறதில்லை. கேரளத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து தங்கல் தொழிலுக்குப் போகிறான். பத்து நாள், பதினைந்து நாள், சூரை மீனும் கேரை மீனும் தேடி லட்சத்தீவுப் பக்கம். மினிக்காய்த் தீவும் எங்கள் உவரியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன, தெரியுமா உங்களுக்கு? வடக்கே 8 பாகை 17 கலைக்குப் பக்கம்தான் இரண்டும். இங்கே கரையில் நின்று நேர் மேற்கே பார்த்தால், குறுக்கே குமரி நிலம், அதைத் தாண்டி 500 கிலோமீட்டருக்குச் சற்று மேலே மினிக்காய். அவன் போயிருக்கும்போது நான் அந்தத் திசையில்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நடையில், படகுக்கு எச்சரிக்கை வந்தது. 'லட்சத்தீவுப் பகுதி' என்று மட்டும் இருந்ததாம். அவர்கள் மினிக்காய்க்குத் தெற்கே, எட்டு டிகிரிக் கால்வாய் என்கிற கடற்பகுதியில் இருந்தார்கள். ஆயிரங்கால் தூண்டிலை அவசரமாக இழுத்துப் போட்டுவிட்டு, கிடைத்ததும் கிடைக்காததுமாகக் கிழக்கே ஓடினார்கள். இரண்டு ராத்திரி ஓட்டம். வழியெல்லாம் கடல் எண்ணெய்போல் கிடந்ததாம். காற்றழுத்தத் தாழ்வு இருந்தது வடக்கே, செத்லத் தீவுப் பக்கம். லட்சத்தீவு என்றால் ஏதோ ஒரு தீவு என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கலாம். வடக்கே செத்லத்திலிருந்து தெற்கே மினிக்காய் வரை ஏறக்குறைய 380 கிலோமீட்டர். எங்கள் ஊரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு கோடு போட்டால் எவ்வளவோ, அவ்வளவு. சிதம்பரத்தில் காற்றடிக்கும் என்பதற்காக உவரியில் வள்ளத்தை ஏற்றி வைப்பதா?

அடுத்த நடையில் மறுபடியும் அதே 'லட்சத்தீவுப் பகுதி'. படகு டிரைவர் இந்தத் தடவை தூண்டிலை எடுக்கவில்லை. போன தடவை டீசல் நட்டத்தை முதலாளியிடம் சொல்லி மாளாதவர் அவர். இந்தத் தடவை காற்று அவர்கள் தலைக்கு மேலேயே இறங்கியது. ஒன்றரை நாள் தீவின் மறைவில் ஒதுங்கிக் கிடந்து, தண்ணீர் இறைத்து இறைத்துத் தப்பித்தார்கள். சிக்னல் கிடைத்து அவன் பேசியபோது, "அத்தை, அன்னைக்கு ஓடினோம், ஒண்ணுமில்ல. இன்னைக்கு ஓடல" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் பேச முடியவில்லை. எனக்கும் வரவில்லை.

அந்த டிரைவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. எச்சரிக்கையை எவ்வளவு அகலமாக விரிக்கிறோமோ அவ்வளவு பேர் அதைப் பொய் என்று கண்டுவிடுகிறார்கள். ஒருமுறை கண்டவர்கள் அடுத்த முறை காதைக் கொடுக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற பழி வரக்கூடாது என்று நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. அதிலும் 2017-க்குப் பிறகு.

ஒக்கிப் புயலை உங்களைப்போலவே நாங்களும் மறக்கவில்லை. நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம்; சாயங்காலம் குமரிக்கடலில்; 30 அதிகாலை ஆழ்ந்த தாழ்வு மண்டலம்; அன்று முற்பகலிலேயே புயல். மறுநாள் மினிக்காயைத் தாண்டும்போது மிகத் தீவிரப் புயல். ஒரு நாளைக்குள் அவ்வளவு வேகமாக வளர்ந்ததைப் பத்து நாளுக்கு முன்னால் கிளம்பிய படகுக்கு யாரும் போய்ச் சொல்ல வழியில்லாமல் இருந்தது. குமரி மாவட்டத்து ஊர்களிலும் கேரளத்திலும் எத்தனை வீடுகள் காலியாயின. எங்கள் பெண்களைக் கட்டிக்கொடுத்த ஊர்கள் அவை. அதற்குப் பிறகு திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் வந்தது. 2019-இல் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுக்குச் செய்தி சேர்க்கிற ஜெமினி கருவி வந்தது. இப்போது செய்தி போய்ச் சேருகிறது. சேருகிற செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் இனி மிச்சமிருக்கிற வேலை.

மழைக்கும் இதே கதைதான். கடலை விட்டு ஒரு நிமிடம் விலகிச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18. குமரிக்கடல் மேலே ஒரு சுழற்சி. 21 சென்டிமீட்டர் பெய்தாலும் உங்கள் சொல்லில் 'அதி கனமழை'தான். எங்களுக்கு நேர்கோட்டில் 40 கிலோமீட்டரில் இருக்கிற காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கும் அதே சொல். சிவப்பு எச்சரிக்கை கொடுத்தோம் என்றார்கள் ஒரு பக்கம், இவ்வளவு என்று சொல்லவில்லையே என்றார்கள் மறுபக்கம். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. தாமிரபரணிக் கரையில் மாடியில் ஏறி நின்றவர்களுக்கு அந்த வழக்கால் என்ன கிடைத்தது? சொல் தீர்ந்துபோன இடத்தில் 'இதுவரை நீங்கள் பார்த்திராத அளவு வரக்கூடும், உறுதியில்லை, ஆனால் வாய்ப்பு இருக்கிறது' என்று வாக்கியமாக எழுதினால் என்ன? உங்கள் சந்தேகத்தை எங்களிடம் மறைக்க வேண்டாம். கடலில் தொழில் செய்கிறவர்களுக்குச் சந்தேகத்தோடு வாழத் தெரியும். வானத்தையும் நீவாட்டையும், அதாவது கடல் நீரோட்டத்தையும் பார்த்து 'வரும்போல இருக்கு, வராமலும் போகும்' என்று பேசிக்கொண்டுதான் தினமும் வலையை ஏற்றுகிறார்கள்.

இன்னொன்று. எச்சரிக்கை வரும்போது நான் வாசிக்கிறேன். அது விலகியதைச் சொல்லி எனக்கு ஒரு தாளும் வந்ததில்லை. மறுநாள் தாளில் அந்த வரி இருக்காது, அவ்வளவுதான். எடுத்தார்களா, எழுத மறந்தார்களா என்று தெரியாமல் நானும் கரையும் விழித்துக்கொண்டு நிற்போம். மூன்று நாள் வள்ளம் ஏறிக் கிடந்த வீட்டில் நாலாவது நாள் அடுப்பு எரிய வேண்டும். 'நேற்றுச் சொன்ன காற்று தணிந்துவிட்டது, நாளை ராத்திரி இறங்கலாம்' என்ற ஒரு வரிக்கு எங்கள் ஊரில் இருக்கிற மதிப்பை நீங்கள் பார்த்தால் ஒரு நாளும் அதை விடமாட்டீர்கள். அந்த வரி நிஜமாக வருகிற ஊரில், 'இறங்காதே' என்ற வரியையும் நம்புவார்கள்.

தாள் எனக்குப் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் வருகிறது. அதில் கெடுதல் இல்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு, அன்று ராத்திரிக்கு மட்டும், அரைப் பக்கத்துக்கு மிகாமல் ஒரு குறிப்பு தந்தால் போதும். ராத்திரி 12-லிருந்து காலை 10 வரை. கூட்டப்புளிப் பக்கம் எப்படி, உவரிப் பக்கம் எப்படி. காற்று வாடையா, கொண்டலா, கச்சானா. வடகிழக்கு என்று எழுதினாலும் நான் வாடை என்றுதான் வாசிக்கப் போகிறேன். நீங்களே எழுதிவிட்டால் நான் தப்பாக மாற்றுகிற பயம் இருக்காது. அலை எத்தனை மீட்டர், எத்தனை விநாடி. நேற்றைக்கு இன்று என்ன மாறியிருக்கிறது.

என்னிடம் பதினோரு நோட்டுகள் இருக்கின்றன. வாசிக்கத் தொடங்கின நாளிலிருந்து, ஒரு பக்கம் தாளில் வந்ததையும் எதிர்ப்பக்கம் கரைக்கு வந்தவர்கள் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் காற்று, எத்தனை மணிக்கு, நீவாடு எந்தப் பக்கம், வலை எங்கே கிழிந்தது, எல்லாம். உங்கள் முன்னறிவிப்பு எத்தனையோ நாள் அச்சாகப் பொருந்தியிருப்பதை அந்த நோட்டுகளே சொல்லும். பொருந்தாத நாள்களையும் சொல்லும். கேட்டால் தந்துவிடுகிறேன், படியெடுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட, உங்களில் யாராவது ஒருவர் வந்து ஒரு வாரம் எங்களோடு தங்கினால் நல்லது. எங்கள் வீட்டிலேயே இடம் இருக்கிறது. பகலில் வந்து பார்த்துவிட்டுப் போவதில் பயனில்லை. ராத்திரி ஒன்றரை மணிக்கு, வள்ளம் இறக்குகிற நேரத்துக்கு வாருங்கள். கோயிலுக்குத் தெற்கே மணலில் டார்ச் லைட் வெளிச்சம் தெரிகிற இடத்தில் நாங்கள் இருப்போம்.

அன்புடன்,
உவரிக் கரையில் உங்கள் அறிக்கையை வாசிக்கிற டீச்சர்